‘கந்தக ஈப்பிடிப்பான்’ வேண்டாமே

நண்பர்களுக்கு வணக்கம்.

நம் தமிழ்ப் பறவைப் பெயர்ப் பட்டியலுக்காக, டைரனாப்சிஸ் சல்ஃபியூரியா (Sulphury Flycatcher) என்ற தென் அமெரிக்கப் பறவைக்குக் ‘கந்தக ஈப்பிடிப்பான்’ என்று வந்த பரிந்துரை எனக்கு இரண்டு இடத்தில் இடிக்கிறது.

முதலில் ஈப்பிடிப்பான். நம் காடுகளில் அந்தப் பெயரோடு திரிபவை பெரும்பாலும் மஸ்கிகாப்பிடே, அதாவது குண்டுக்கரிச்சானின் குடும்பம். இதுவோ டைரானிடே, 400க்கும் மேற்பட்ட இனங்கள், எல்லாம் அமெரிக்கக் கண்டங்களில் மட்டும். குரலுறுப்பின் அமைப்பே வேறு. பறந்து பூச்சி பிடிப்பது ஒன்றுதான் பொது. ஐரோப்பியர் செய்த குழப்பத்தை நாமும் ஏன் சுமக்க வேண்டும்?

இந்தக் குடும்பத்தின் ‘டைரன்ட்’ (tyrant) என்ற ஆங்கிலப் பெயருக்குக் ‘கொடுங்கோலன்’ என்று ஒரு மடலில் பார்த்தேன். அகராதிப்படி சரிதான். ஆனால் 18ஆம் நூற்றாண்டில் ஆங்கிலேய இயற்கையியலாளர் மார்க் கேட்ஸ்பி வட அமெரிக்கப் பறவை ஒன்றுக்கு அந்தப் பெயரைச் சூட்டியது, கூட்டுப் பக்கம் வரும் பெரிய பறவைகளை அது விரட்டியடிப்பதால்தான். அதில் வலிமை இருக்கிறது, கொடுமை எங்கே வந்தது? குடும்பத்துக்கு ‘வல்லான்’ போதும். ‘வல்லான் வகுத்ததே வாய்க்கால்’ என்று நாக்கில் பழகிய சொல். காக்கையைத் துரத்தும் கரிச்சானுக்கு ‘வலியன்’ என்ற பெயர் இருப்பதால் முறையும் புதிதல்ல.

அடுத்து கந்தகம். வயிறு மஞ்சள், மறுக்கவில்லை. ஆனால் அமேசான் பக்கம் மஞ்சள் வயிற்று வல்லான்களுக்கா பஞ்சம்? வெப்பமண்டல அரச வல்லானும் (Tropical Kingbird) அப்படித்தான். அதற்கு வால் நுனி பிளந்திருக்கும், இதற்கு அப்படி இல்லை, அலகும் குட்டை, தலை கருஞ்சாம்பல். தூரத்தில் இதெல்லாம் தெரியாது.

தெரிவது மரம். மொரிஷியா பனை நிற்கும் சதுப்பில்தான் இது பெரும்பாலும் வாழும். வெனிசுவேலாவில் மொரிச்சே, பிரேசிலில் புரிட்டி, பெருவில் அகுவாஹே என்பது அந்தப் பனையைத்தான். தண்ணீரில் வேர் ஊன்றி, நம் பனைபோல் விசிறி ஓலை விரிக்கும். இந்தப் பறவை அதன் உச்சியில் உட்கார்ந்து கீச்சென்று கத்தும், பூச்சியும் பழமும் தின்னும், கூடும் அந்தக் கொண்டையிலேயே. டிரினிடாடிலும் பனை இருக்கும் சதுப்புகளில் பார்க்கலாம்.

ஆகவே மரத்துக்குச் ‘சதுப்புப்பனை’, பறவைக்குச் ‘சதுப்புப்பனை வல்லான்’. நீளம்தான், ஆனால் சொன்னதும் எங்கே தேடுவது என்று தெரிந்துவிடும். அப்புறம், டைரனஸ் பேரினத்துக்கு ‘அரச வல்லான்’ என்று மேலே எழுதிவிட்டேன். அதில் மறுப்பு இருந்தால் இப்போதே சொல்லிவிடுங்கள், பட்டியலில் ஏற்றிய பிறகு மாற்றுவது பெரும்பாடு.