1957 பெல் ஏர்: வளைந்திருப்பது சேசிஸா, வேறு ஏதாவதா?

கேள்வி

ஈரத் தரையில் நேராக ஓட்டிப் பார்த்தபோது, என்னுடைய 1957 ஷெவ்ரலே பெல் ஏர் செடானின் முன்சக்கரத் தடங்கள் பின்சக்கரத் தடங்களைவிட வலப்பக்கம் தள்ளி விழுகின்றன. பானெட்டுக்கும் ஃபெண்டருக்கும் (சக்கரத்துக்கு மேலுள்ள தகடு) இடையிலான சந்து ஒரு பக்கம் விரல் நுழையும் அளவுக்கும், மறுபக்கம் காகிதம் நுழையும் அளவுக்கும் இருக்கிறது. முந்தைய உரிமையாளரிடம் இருந்தபோது கார் இடப்புற முன்மூலையில் அடிபட்டதாகத் தெரிகிறது. ஆனால் இருபக்கமும் வீல்பேஸை (முன், பின் சக்கர மையங்களுக்கு இடையிலான தூரத்தை) அளந்தால் 2 மி.மீ. வித்தியாசம்கூட இல்லை. அப்படியானால் சேசிஸ் (காரைத் தாங்கும் அடிச்சட்டம்) சரியாக இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாமா?

பதில் 1

எடுத்துக்கொள்ள முடியாது, நண்பரே. வீல்பேஸ் சமமாக இருப்பதிலிருந்து தெரிவது ஒன்றுதான்: பின் ஆக்சில் (பின்சக்கரங்களைத் தாங்கும் அச்சு) கோணலாக நகர்ந்துவிடவில்லை. ஆக்சிலை அதன் இடத்தில் நிறுத்தும் லீஃப் ஸ்பிரிங்கின் (பட்டை வில்லின்) சென்டர் போல்ட் அறுந்து, ஆக்சில் ஒரு பக்கம் பின்னால் நழுவினாலும் தடங்கள் விலகத்தான் செய்யும். அதைச் சேசிஸ் கோளாறு என்று நினைத்துச் செலவழித்தவர்கள் உண்டு. உங்கள் காரில் அந்தச் சந்தேகம் நீங்கிவிட்டது. (எல்லாக் கார்களிலும் வீல்பேஸ் இருபுறமும் சமமாக இருக்கும் என்றும் கொள்ளக்கூடாது. ரெனோ 4 காரில் பின்பக்க டார்ஷன் பார்கள் (முறுக்கத்தால் ஸ்பிரிங்காக வேலை செய்யும் கம்பிகள்) ஒன்றன்பின் ஒன்றாகக் குறுக்கே வைக்கப்பட்டிருப்பதால், தொழிற்சாலையிலிருந்து வரும்போதே இரண்டு பக்கத்துக்கும் 48 மி.மீ. வித்தியாசம் இருக்கும்.)

உங்கள் காரின் சேசிஸ், இரண்டு நீளச் சட்டங்களைக் குறுக்குச் சட்டங்கள் இணைக்கும் ஏணிச் சட்டம். முன்மூலையில் அடிபட்டு, அந்த இரண்டு நீளச் சட்டங்களும் ஒரே திசையில் சாய்ந்துவிட்டால், முன்பகுதி இணைகரம் போல் பக்கவாட்டில் நகரும். அப்போது சட்டங்களின் நீளம் மாறாது. ஆகவே வீல்பேஸும் மாறாது. மூலைவிட்டங்கள் மட்டுமே அதைக் காட்டிக்கொடுக்கும்.

காரைச் சமதளத்தில் ஸ்டாண்டுகளின் மேல் நிறுத்தி, சேசிஸில் இருபுறமும் ஒத்த துளைகளைத் தேர்ந்தெடுத்து, ஒவ்வொன்றிலிருந்தும் தூக்குக்குண்டு விட்டுத் தரையில் சாக்பீஸால் புள்ளி வையுங்கள். பிறகு காரை நகர்த்திவிட்டு, முன்பகுதி, நடுப்பகுதி, பின்பகுதி என மூன்றாகப் பிரித்து மூலைவிட்டங்களை அளக்க வேண்டும். முழு நீளத்துக்கும் ஒரே மூலைவிட்டம் அளந்தால் வளைவு எங்கே என்பது தெரியாது.

கேள்வி கேட்டவர்

அளந்துவிட்டேன். நடுப்பகுதியிலும் பின்பகுதியிலும் வித்தியாசம் 2 மி.மீ.க்குள் இருக்கிறது. முன்பகுதியில், இடப்பின் புள்ளியிலிருந்து வலமுன் புள்ளி வரையிலான மூலைவிட்டம் மற்றதைவிட 18 மி.மீ. அதிகம். விளக்கு அடித்துப் பார்த்தபோது, இடப்புறச் சட்டத்தின் உட்பக்கத்தில், முன் குறுக்குச் சட்டத்துக்குச் சற்றுப் பின்னால், பெயிண்ட் நுண்ணிய கோடுகளாக வெடித்து, அதற்கடியில் இரும்பு மடிப்பு விழுந்திருப்பது தெரிகிறது.

பதில் 1

அளவும் மடிப்பும் ஒன்றையொன்று உறுதிப்படுத்துகின்றன. முன்பகுதி வலப்பக்கம் சாய்ந்திருக்கிறது. சாய்ந்த திசையை நோக்கிய முகம் நசுங்குவதால்தான் மடிப்பு உட்பக்கத்தில் விழுந்திருக்கிறது. வலப்புறச் சட்டத்தின் வெளிப்பக்கத்தையும் அதே இடத்தில் துடைத்துப் பாருங்கள்.

பதில் 2

இழுப்பதற்கு முன் ஒரு விஷயம். தரையில் வைத்த புள்ளிகள் உயர வித்தியாசத்தைக் காட்டாது. மூலைவிட்டம் துல்லியமாகச் சமமாக இருக்கும் சேசிஸ்கூட முறுக்கிக்கொண்டோ தொய்ந்தோ இருக்கலாம். தண்ணீர் நிரப்பிய, உள்ளே தெரியும் பிளாஸ்டிக் டியூபை ஒவ்வொரு புள்ளிக்கும் கொண்டுபோய் மட்டம் பார்த்துவிடுங்கள். கூடவே, சட்டத்தின் அடிப்பக்கத்தைச் சிறு சுத்தியலால் தட்டிக்கொண்டே செல்லுங்கள். ஓசை மழுங்கும் இடத்தில் உள்ளிருந்து துரு தின்றிருக்கக்கூடும். துருப்பிடித்த பெட்டிச் சட்டத்தை இழுத்தால் அது நிமிராது, கிழியும். அங்கே முதலில் இரும்பை மாற்றியாக வேண்டும்.

இழுக்கும் முறையைப் பொறுத்தவரை, நடுப்பகுதியை அசையாதபடி நாலு இடத்தில் பிடித்துக்கட்டி, முன் குறுக்குச் சட்டத்தை ஹைட்ராலிக் ராமும் (எண்ணெய் அழுத்தத்தால் இயங்கும் ஜாக்கி) சங்கிலியும் கொண்டு இடப்பக்கம் இழுக்க வேண்டும். அதற்கு முன் ரேடியேட்டரையும் ஃபெண்டர்களையும் கழற்றி, எஞ்சின் மவுண்ட்களையும் ஸ்டீயரிங் தண்டின் பிடிப்பையும் தளர்த்திவிடுங்கள். இல்லையென்றால் அவையே சட்டத்தைப் பழைய இடத்தில் பிடித்துக்கொள்ளும். இரும்பு சற்றுத் திரும்பி வரும் குணமுடையது. எனவே தேவைக்குச் சில மி.மீ. அதிகமாக இழுத்து, இழுவிசை இருக்கும்போதே மடிப்பைச் சுற்றிச் சுத்தியலால் தட்டி, பின் தளர்த்தி மறுபடி அளக்க வேண்டும். ஒரே மூச்சில் 18 மி.மீ.யையும் எடுக்க முயலாதீர்கள். சங்கிலியின் நேர்கோட்டில் யாரும் நிற்கக்கூடாது. அதன்மேல் கனமான போர்வை போட்டுவிடுங்கள்.

பதில் 3

மடிப்பைக் காய்ச்சி இழுத்தால் எளிதாக இருக்குமே? அந்தக் காலச் சேசிஸ் மைல்டு ஸ்டீல் (கார்பன் குறைந்த எஃகு)தானே?

பதில் 2

மைல்டு ஸ்டீல் என்பதால் காய்ச்சலாம். ஆனால் நான் அதைக் கடைசி வழியாகவே வைப்பேன். குளிர்ந்த நிலையில் நிமிர மறுக்கும் மடிப்பை மட்டும், 650 டிகிரி செல்சியஸைத் தாண்டாமல், மங்கலான செந்நிறம் தெரியத் தொடங்கும்போதே நிறுத்திவிட வேண்டும். தண்ணீர் ஊற்றி ஆற்றக்கூடாது, அது தானாகவே ஆறட்டும். அருகில் பிரேக் பைப்போ எரிபொருள் பைப்போ இருந்தால் முன்கூட்டியே கழற்றிவிடுங்கள்.

கேள்வி கேட்டவர்

காய்ச்சாமலே பல தவணைகளில் இழுத்ததில் வித்தியாசம் 3 மி.மீ.க்கு வந்துவிட்டது. மட்டத்தில் கோளாறு இல்லை. ஆனால் மடிப்பு இருந்த இடத்தில் விரிசலில் ஊறி அதைக் காட்டும் சாயம் தடவிச் சோதித்தபோது முடியளவு விரிசல் ஒன்று தெரிகிறது.

பதில் 2

இந்த வகைச் சட்டத்துக்கு 3 மி.மீ. போதும், அதற்குமேல் இழுக்க வேண்டாம். விரிசலின் இரு முனைகளிலும் சிறு துளையிட்டு, அது மேலும் ஓடாமல் நிறுத்திய பிறகு, விரிசலைப் பள்ளமாக அரைத்து வெல்டிங் செய்யுங்கள். மேலே பட்டை வைத்து வலுப்படுத்துவதாக இருந்தால், அதன் முனைகளைக் கூராக வெட்டிவிடுங்கள்; சட்டத்துக்குக் குறுக்காக நேர்கோட்டில் வெல்டிங் விழுந்தால் அடுத்த விரிசல் அங்கிருந்துதான் தொடங்கும். ரேடியேட்டரும் ஃபெண்டர்களும் திரும்ப ஏறி, காரின் முழு எடையும் சக்கரங்களில் அமர்ந்த பிறகு வீல் அலைன்மெண்ட் பாருங்கள்.