கிரானைட் வேலைக்காக கேஸ் அடுப்பை நாமே கழற்றி மாட்டலாமா?

கேள்வி – மேடைவேலை

சமையலறை மேடையில் கடப்பாக் கல்லை எடுத்துவிட்டு கிரானைட் போடப் போகிறோம். நான்கு நாளைக்கு மூன்று பர்னர் அடுப்பையும் 14.2 கிலோ சிலிண்டரையும் பின்கட்டுக்கு மாற்ற வேண்டும். வேலை முடிந்ததும் பழைய இடத்திலேயே மாட்ட வேண்டும். இதை வீட்டுக்காரரே செய்யலாமா, ஏஜென்சி மெக்கானிக் வந்தே ஆக வேண்டுமா? ட்யூப் ஆரஞ்சு நிறம், போட்டு நான்கரை வருஷம் ஆகிறது. கல் போட்டபின் மேடையில் பதிக்கிற ஹாப் அடுப்பு வாங்கலாமா என்றும் யோசனை இருக்கிறது.

பதில் – அடுப்படி ராஜா

நீங்களே கழற்றலாம். சிலிண்டர் தீரும்போதெல்லாம் ரெகுலேட்டரைக் கழற்றி மாட்டுவது நீங்கள்தானே! ரெகுலேட்டர், ட்யூப், அடுப்புக்குப் பின்னால் ட்யூப் ஏறும் நாசில், இதுவரைக்கும் வீட்டு வேலை. சிலிண்டர் வால்வை நோண்டுவது, ரெகுலேட்டரைப் பிரிப்பது, டீ ஜாயிண்ட் போட்டு ஒரே சிலிண்டரில் இரண்டு அடுப்பு ஓட்டுவது மூன்றும் கூடாது. சிலிண்டரும் ரெகுலேட்டரும் எண்ணெய் நிறுவனத்தின் சொத்து, நாம் டெபாசிட் கட்டி வைத்திருக்கிறோம்.

கழற்றும்போது ஒரு பர்னரை எரியவிட்டு, எரியும்போதே ரெகுலேட்டரை ஆஃப் செய்யுங்கள். ட்யூபுக்குள் நிற்கிற கேஸ் எரிந்து முடிந்து தீ தானாக அணையும். அதன்பிறகு நாப்பை மூடுங்கள். ரெகுலேட்டரின் கறுப்பு வளையத்தை மேலே தூக்கினால் வந்துவிடும். உடனே வால்வில் வெள்ளை மூடியைப் போட்டு அழுத்துங்கள். பல வீடுகளில் இந்த மூடியைத் தொலைத்துவிடுகிறார்கள். வால்வு கசிந்தால் கேஸை அடக்குவது அந்த மூடிதான், அதனால் நைலான் கயிற்றோடு சிலிண்டரிலேயே தொங்கட்டும்.

ட்யூபைப் பொறுத்தவரை, கழற்றியதைத் திரும்ப மாட்ட வேண்டாம். உங்கள் ஆரஞ்சு ட்யூப், அதாவது சுரக்ஷா ட்யூபின் ஆயுளே 5 வருஷம்தான். நான்கரை வருஷம் நாசிலில் இருந்த முனை விரிந்து அந்த வடிவத்திலேயே இறுகியிருக்கும், மறுபடி ஏற்றினால் முன்போல் பிடிக்காது. ஏஜென்சியில் ஐ.எஸ். 9573 (இந்தியத் தர எண்) முத்திரையுள்ள 1.5 மீட்டர் ட்யூப் கேளுங்கள். அதற்கு மேல் நீளம் வேண்டாம், இரண்டு துண்டை ஒட்டவும் வேண்டாம். நாசிலில் ஏறவில்லை என்றால் முனையை வெந்நீரில் ஒரு நிமிஷம் வைத்துத் தள்ளுங்கள். எண்ணெய் தடவினால் ரப்பர் ஊறிக் கெடும், பிடிப்பும் வழுக்கும்.

பதில் – கசிவு கவனம்

மேலே சொன்னதோடு சோதனையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். புது சிலிண்டர் மாட்டுவதாக இருந்தால் மூடியை எடுத்ததும் வால்வு வாயில் உள்ளே கறுப்பு வாஷர் இருக்கிறதா பாருங்கள். வாஷர் இல்லாவிட்டாலோ கிழிந்திருந்தாலோ ரெகுலேட்டரை ஆன் செய்த நொடியில் கேஸ் சீறும். வால்வு வாயில் நாலு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள்: குமிழி வந்தால் வால்வே கசிகிறது, மூடியைப் போட்டு ஏஜென்சிக்குச் சொல்லுங்கள்.

மாட்டியபின் எல்லா நாப்பும் மூடியபடி ரெகுலேட்டரை மட்டும் ஆன் செய்து, சோப்பு நுரையை ட்யூபின் இரண்டு முனையிலும், ரெகுலேட்டரைச் சுற்றியும், நாப்களின் அடியிலும் தடவுங்கள். நுரை ஒரே இடத்தில் பெருத்துக்கொண்டே போனால் கசிவு. தீக்குச்சியால் சோதிப்பவர்களை இன்னும் பார்க்க முடிகிறது, தயவுசெய்து வேண்டாம். காற்றில் 2 சதவீதம் சேர்ந்தாலே எல்.பி.ஜி. தீப்பிடிக்கும்.

வாசனை வந்தால் சுவிட்சைப் போடவும் கூடாது, அணைக்கவும் கூடாது, எக்ஸாஸ்ட் ஃபேன் உட்பட. ரெகுலேட்டரை மூடி, கதவைத் திறந்து, வெளியே போய் கேஸ் கசிவு அவசர எண்ணான 1906க்கு அழையுங்கள்.

இன்னொன்று. கல் அறுக்கும்போது அடுப்பு அந்த அறையில் இருக்கக் கூடாது. கிரானைட் தூள் பர்னர் ஓட்டையிலும் ஜெட்டிலும் (பர்னருக்குக் கேஸ் விடும் சின்ன ஓட்டையுள்ள திருகு) ஏறினால் தீ மஞ்சளாக எரிந்து பாத்திரம் கரி பிடிக்கும். வெளியே எடுத்துப் பழைய பெட்ஷீட்டால் மூடி வையுங்கள். பர்னரை நீங்கள் கழுவலாம். ஜெட்டை ஊசியால் குத்தாதீர்கள், ஓட்டை பெரிதானால் கேஸ் அளவே மாறிவிடும்.

பதில் – குழாய்வழி

ஹாப் என்றால் என் பதில் வேறு, மெக்கானிக்கை அழையுங்கள். பல ஹாப்களில் அடியில் மரையுள்ள எல்போ (வளைந்த இணைப்புக் குழாய்) இருக்கும். ஒரே ஸ்பேனரால் முறுக்கினால் உள்ளிருக்கும் குழாய் திருகி, கண்ணுக்குத் தெரியாத இடத்தில் விரிசல் விடும். ஒரு ஸ்பேனரால் பிடித்து இன்னொன்றால் முறுக்க வேண்டும். தண்ணீர்க் குழாய்க்குச் சுற்றும் மெல்லிய டேப்பும் எம்-சீலும் இதற்கு ஆகாது.

குழாய் வழி இயற்கை எரிவாயு (சென்னையில் டோரண்ட் கேஸ் போல) இருக்கும் வீட்டில் இணைப்பில் கை வைக்க வேண்டாம், அந்த நிறுவன டெக்னீஷியன்தான் வர வேண்டும். அடுப்பை அங்கே மாற்றும்போது ஜெட்டும் மாறும். இயற்கை எரிவாயுவுக்கு ஓட்டை பெரிது. அந்த ஜெட்டோடு அடுப்பைத் திரும்ப சிலிண்டருக்கு மாட்டினால் தீ மஞ்சளாக முழ உயரத்துக்கு எழும்பும்.

கேள்வி – மேடைவேலை

நன்றி. புது மேடையின் அடியில் சிலிண்டருக்குக் கதவு போட்ட அலமாரி செய்யலாம் என்று கார்பெண்டர் சொல்கிறார். சரிதானா?

பதில் – அடுப்படி ராஜா

கதவு போடாமல் விடுவதே நல்லது. எல்.பி.ஜி. காற்றைவிட ஒன்றரை மடங்குக்கு மேல் கனம், கசிந்தால் தரையோடு தேங்கும். மூடிய அலமாரிக்குள் தேங்கினால் வாசனை உங்கள் மூக்குக்கு எட்டவே நேரமாகும். போட்டே ஆக வேண்டும் என்றால் கதவின் அடிப்பக்கம், தரையை ஒட்டி, ஜாலி வைக்கச் சொல்லுங்கள். மேலே மட்டும் ஓட்டை வைத்துப் பயனில்லை. உள்ளே பிளக் பாயிண்ட், ஆர்.ஓ. மோட்டார் எதுவும் வேண்டாம். ரெகுலேட்டர் நாப் கதவைத் திறந்ததும் கைக்கு எட்ட வேண்டும், ட்யூப் பலகை ஓட்டையில் உரசாமல் வளைந்து வர வேண்டும். சிலிண்டர் நிமிர்ந்தே நிற்கட்டும். அடுப்பு அதைவிட உயரத்தில் இருக்கும்படி மேடை அளவைக் கார்பெண்டரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.