புதுப்பிப்பு: கழுத்துத் தழும்பும் மப்ளரும்

தைராய்டு ஆபரேஷன் தழும்பை மறைப்பது பற்றி முன்பு எழுதியதில் ஒரு திருத்தம். தையல் பிரித்ததும் தடவித் தேய்க்கலாம் என்றிருந்தது, அது அவசரப்பட்டு எழுதியது. பொருக்கு உதிர்ந்து, காயம் முழுதாக மூடிய பிறகுதான். வாசலின் தொட்டு, விரல் நுனியால் அழுத்தி, ஒரு தடவைக்கு ஐந்து நிமிடம், நாளுக்கு இரண்டு மூன்று தடவை போதும்.

சிலிக்கான் ஷீட்டை (தழும்பைத் தட்டையாக்க ஒட்டும் மெல்லிய பட்டை) முதலில் நாளுக்கு நாலு மணிநேரம் ஒட்டிப் பழக்கி, பிறகு 12 மணிநேரத்துக்குக் கூட்டுங்கள். இரண்டு மூன்று மாதமாவது வேண்டும். தினமும் கழுவாவிட்டால் வியர்வை தங்கி வேர்க்குரு போடும். சிலர் இதனாலேயே கைவிடுவதுண்டு.

இலங்கை மலைநாட்டு நுவரெலியாவில் பனி மூட்டமென்று வெயிலை மறக்காதீர்கள். உயரம் கூடக்கூட புற ஊதாக் கதிர் கூடும், மூட்டம் அதை முழுதாகத் தடுக்காது. புதுத் தழும்பு கறுத்துவிடும். எஸ்.பி.எஃப் 30 வெயில் தடுப்பு கிரீமை இரண்டு மணிநேரத்துக்கு ஒரு தடவை பூசுங்கள். தோட்டத்தில் தேயிலைக் கொழுந்து எடுப்பவர்களுக்கு அது நடக்காது; மெல்லிய பருத்தித் துணியே மேல். கம்பளி மப்ளர் உரசி அரிப்பைக் கிளப்பும்.

"கழுத்துல என்னா?" என்று லயத்தில் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளில்) கேட்பார்கள். "தைராய்டு ஆபரேஷன் அக்கா, இப்ப சொகம். கொழுந்து எப்புடி?" பதிலும் எதிர்க்கேள்வியும் ஒரே மூச்சில். வீட்டில் நாலு தடவை சொல்லிப் பார்த்தால் தடுமாறாது. முதலில் கடைக்கு, பிறகு கோயிலுக்கு, கடைசியில் கல்யாண வீட்டுக்கு மப்ளரின்றிப் போங்கள்.

தழும்பில் எலுமிச்சைச் சாறு, பற்பசை பூச வேண்டாம். நிறம் மங்க ஒரு வருடத்துக்கு மேலும் ஆகலாம். வெட்டிய கோட்டைத் தாண்டித் தடித்து வளர்ந்தால் அது கீலாய்டு. தோல் கிளினிக்கில் ஸ்டீராய்டு ஊசி பற்றிக் கேளுங்கள்.