முதல் கம்பி மறுபடியும் அறுந்துவிட்டது

தாமதக்கிதார்:
வயது 46. மகள் கல்லூரிக்குப் போகும்போது விட்டுச்சென்ற கிதாரை எடுத்து மூன்று நாள் ஆகிறது. இன்னும் ஒரு பாட்டு வாசிக்கவில்லை, சுருதி சேர்ப்பதிலேயே பொழுது போகிறது. போன் ஆப்பில் ஈ, ஏ, டி, ஜி, பி என்று ஐந்து கம்பிகளின் ஸ்வரங்களும் ஒருவழியாகச் சேர்ந்து பச்சை விளக்கு எரிந்தது. மெல்லிய முதல் கம்பிதான் வில்லங்கம், அதற்கும் ஈதான் வர வேண்டும். முறுக்கினேன், எஃப் என்றது. சரி, இன்னும் கொஞ்சம் போனால் ஈ வந்துவிடும் என்று முறுக்கினேன். ஜி. அப்புறம் டப்! கன்னத்தில் கீறல். நேற்று புதுக் கம்பி போட்டும் அதே கதை. கம்பி மட்டமா, நான் மட்டமா?

ஆறுகம்பி:
கம்பி மேல் பழி போடாதீர்கள் சார். எஃப் வந்தாலே ஈயைத் தாண்டிவிட்டீர்கள், தளர்த்த வேண்டும். அடுத்த ஈ ஒரு ஸ்தாயி மேலே. அதிர்வெண் இரண்டு மடங்கு என்றால் இழுவிசை நான்கு மடங்கு, எந்தக் கம்பி தாங்கும்? ஆப்பில் ஹெர்ட்ஸைப் பாருங்கள்: தடித்த ஈ 82.4, மெல்லிய ஈ 329.6. தாண்டிப் போனால் நன்றாக இறக்கிவிட்டுக் கீழிருந்து ஏற்றுங்கள். மேலிருந்து இறக்கி நிறுத்தினால் முறுக்காணிப் பல்லில் தொய்வு தங்கி, வாசிக்கும்போது நழுவும். முகத்தைத் தள்ளி வையுங்கள்.

தாமதக்கிதார்:
ஏ, பி, சி, டி தெரிந்த ஆள்தான். பச்சை விளக்கு அவசரத்தில் புத்தி வேலை செய்யவில்லை. ஆப் இல்லாமல் முடியாதா? அம்மாவின் சுருதிப்பெட்டி கேட்டு வளர்ந்த காது இது.

வீணைவீட்டுப்பெண்:
அப்படியானால் உங்களுக்குச் சுலபம். தடித்த ஆறாவது கம்பியை மட்டும் ஆப்பில் சேருங்கள். அதன் ஐந்தாவது பிரெட்டை (கழுத்தில் குறுக்கே இருக்கும் உலோகக் கட்டை, வீணை மெட்டு மாதிரி) அழுத்தினால் வரும் ஒலிதான் ஐந்தாவது கம்பியின் ஒலி. இப்படியே கீழே வாருங்கள். மூன்றிலிருந்து இரண்டுக்கு மட்டும் நான்காவது பிரெட். மற்ற ஜோடிகளின் இடைவெளி எல்லாம் ச–ம, இது ஒன்று மட்டும் ச–அந்தர காந்தாரம். இரண்டு ஒலியும் நெருங்கும்போது 'வ்வோ வ்வோ' என்று ஓர் அலை கேட்கும். சேரச் சேர அது மெதுவாகி அடங்கிவிடும்.

தாமதக்கிதார்:
வ்வோ வ்வோ கேட்டது! மூன்றாவது கம்பியிலும் பழக்கதோஷத்தில் ஐந்தாவது பிரெட்டை அழுத்தி பியை சி ஆக்கிவிட்டேன், பிறகு திருத்தினேன். முதல் கம்பி உயிரோடு இருக்கிறது. மகளுக்குப் போனில் மீட்டிக் காட்டினேன். "அப்பா, ஏ கொஞ்சம் இறங்கியிருக்கு" என்றாள்.