ஆறு வார நெருக்கடிக்கு எட்டுப் பேர்: தற்காலிக ஆள் எடுப்பது சரியா?

அட்டைப்பெட்டி:
வணக்கம். பிற நிறுவனங்களுக்கு வரும் ஆர்டர்களைப் பெட்டியில் கட்டி அனுப்பும் சிறு கிடங்கு நடத்துகிறேன். நிரந்தர ஆட்கள் 14 பேர். வருடத்தில் ஆறு வாரம் மட்டும் ஆர்டர் மூன்று மடங்காகும். பிறகு பழையபடி ஆகிவிடும். போன முறை இருப்பவர்களை வைத்தே ஓவர்டைமில் சமாளித்தோம். நான்காவது வாரம் இரண்டு பேர் படுத்துவிட்டார்கள். ஐந்தாவது வாரம் என் நம்பிக்கைக்குரிய ஆள் ஒருவர் வேலையே வேண்டாம் என்று போய்விட்டார். இந்த முறை எட்டுப் பேரைத் தற்காலிகமாக எடுக்க நினைக்கிறேன். ஆள் அனுப்பும் ஏஜென்சி வழியாகவா, நேரடியாகவா? எனக்கு இதில் முன் அனுபவம் கிடையாது. பட்டவர்கள் சொல்லுங்கள்.

கணக்குப்பிள்ளை:
யோசிக்கவே வேண்டாம், ஏஜென்சிதான். எட்டுப் பேரை நேரடியாக எடுக்க எத்தனை பேரைப் பார்க்க வேண்டும், எத்தனை தாள் நிரப்ப வேண்டும் என்று எண்ணிப் பாருங்கள். சம்பளப் பட்டியல், காப்பீடு, பிடித்தம், கடைசியில் கணக்கு முடிப்பது. எல்லாம் ஆறே வாரத்துக்காக. ஏஜென்சி என்றால் வாரம் ஒரு பில், வேலை முடிந்தது. ஆள் சரியில்லையா, மறுநாள் வேறு ஆள் வருவார். மீதி 46 வாரம் எட்டுப் பேரை உட்காரவைத்துச் சம்பளம் கொடுக்கும் தெம்பு எந்தச் சிறு முதலாளிக்கும் கிடையாது. இதில் குற்ற உணர்ச்சி கொள்ள ஒன்றுமில்லை.

பதினோருமாதம்:
“ஆள் சரியில்லையா, மறுநாள் வேறு ஆள்” என்று எழுதுகிறாரே கணக்குப்பிள்ளை, அவர் குழல்விளக்கு மாற்றுவதைப் பற்றிப் பேசுகிறாரா?

என் பெயரைப் பார்த்தாலே புரிந்திருக்கும். ஒரே நிறுவனத்தில் 6 வருடம் தற்காலிக ஊழியனாக இருந்தேன். 11 மாதம் முடிந்ததும் சில நாள் வீட்டில் இருக்கச் சொல்வார்கள். பிறகு புதிய தாள், புதிய தேதி, அதே இயந்திரம். நிரந்தர ஆட்களுக்குக் கழுத்தில் நீலப் பட்டை, எங்களுக்கு மஞ்சள். யாரும் எங்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. “மஞ்சள் இரண்டு பேர் இங்கே வாருங்கள்” என்றுதான் குரல் வரும். ஒரு நாள் அட்டை அறுக்கும் பிளேடு உள்ளங்கையில் இறங்கிவிட்டது. மற்றக் கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு சூப்பர்வைசரிடம் ஓடினேன். ரத்தம் நிற்பதற்கு முன் அவர் கேட்ட முதல் கேள்வி: “நீ எந்த ஏஜென்சி ஆள்?” ஏஜென்சிக்குத் தொலைபேசி செய்தால், “சம்பவம் நடந்த இடம் அவர்களுடையது, அவர்களைக் கேள்” என்றார்கள். தையல் போட்ட செலவு என்னுடையதுதான்.

கணக்குப்பிள்ளை:
உங்களுக்கு நடந்தது அநியாயம், மறுக்கவில்லை. ஆனால் இங்கே கேட்டவர் ஆறு வருடத்துக்குக் கேட்கவில்லை, ஆறு வாரத்துக்குக் கேட்கிறார். உங்கள் பழைய முதலாளி மேல் உள்ள கோபத்தை இவர் தலையில் இறக்காதீர்கள்.

மேஸ்திரி:
நான் முதலாளியும் இல்லை, தற்காலிகமும் இல்லை. தளத்தில் நின்று வேலை வாங்குகிறவன், 20 வருடத்துக்கு மேல். நீங்கள் இருவரும் பேசாத ஒன்றைச் சொல்கிறேன்.

எட்டுப் பேர் வந்தால் எட்டுப் பேர் வேலை கூடும் என்று முதலாளிகள் நினைக்கிறார்கள். முதல் மூன்று நாள் வேலை குறையும்! ஏன் என்றால், புதிய ஆள் ஒவ்வொருவர் பக்கத்திலும் பழைய ஆள் ஒருவர் நிற்க வேண்டும். பெட்டி மடிப்பது சுலபம் என்று தோன்றும். டேப்பைத் தன் பக்கமாக இழுத்துக் கட்டைவிரலைக் கிழித்துக்கொள்ளாத புதிய ஆளை நான் பார்த்ததில்லை. அதைவிடப் பெரிய தொல்லை லேபிள். ஒரு சீசனில் வந்த பையன், நல்ல உழைப்பாளி, வேகமான கை. பெட்டியின் விளிம்பில் பார்கோடு பாதி மேலே, பாதி பக்கவாட்டில் மடியும்படி ஒட்டிக்கொண்டே போனான். நாலு பெட்டி அல்ல, ஒரு முழு நாள் வேலை. மடிந்த கோடுகளை ஸ்கேனர் படிக்காது. பெட்டிகள் எங்கேயோ ஒரு மையத்தில் தேங்கிக் கிடந்து, ஒன்றொன்றாகத் திரும்பி வரத் தொடங்கியபோது அந்தப் பையன் வேலை முடிந்து போயே மூன்று வாரம் ஆகியிருந்தது. அவன் மேல் என்ன தப்பு? “சமதளத்தில் ஒட்டு” என்று யாருமே சொல்லவில்லை. சொல்ல வேண்டிய ஆள் நான். அன்று நான் லாரிக்குக் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தேன்.

அதனால் அட்டைப்பெட்டி ஐயா, ஏஜென்சியா நேரடியா என்பது இரண்டாவது கேள்வி. நெருக்கடி தொடங்குவதற்கு எத்தனை நாள் முன்னால் அவர்களை உள்ளே கொண்டுவரப் போகிறீர்கள் என்பதுதான் முதல் கேள்வி. தலைக்கு மேல் வெள்ளம் போன பிறகு ஆள் எடுத்தால் அவர்களுக்கு நீச்சல் சொல்லிக்கொடுக்கவும் ஆள் இருக்காது.

ஆள்தேடி:
இங்கே ஏஜென்சிக்காரர்களைப் போட்டுத் தாக்குவதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை. நான் அந்தத் தொழிலில்தான் இருக்கிறேன்.

இந்தத் தொழில் ஆட்களை ஏய்க்கவென்று பிறந்தது அல்ல. 1946-இல் டெட்ராய்ட்டில் ரஸ்ஸல் கெல்லி என்பவர் அலுவலகங்களின் மிஞ்சிய வேலையைச் செய்துகொடுக்கத் தொடங்கினார். தட்டச்சு, பிரதி எடுப்பது போன்றவை. 1948-இல் மில்வாக்கியில் இரண்டு வழக்கறிஞர்கள் மேன்பவர் நிறுவனத்தைத் தொடங்கினார்கள். அவசர வேலைக்குத் தட்டச்சு ஆள் கிடைக்காமல் அவர்களே திண்டாடியிருக்கிறார்கள். இதுபோன்ற இடைவெளியை நிரப்புவதுதான் எங்கள் வேலை.

பில் தொகை ஏன் சம்பளத்தைவிட அதிகம் என்று எல்லோரும் கேட்பார்கள். சம்பளம் 100 என்று வையுங்கள். அதற்கு மேல் முதலாளி பங்காகக் கட்ட வேண்டிய சமூகப் பாதுகாப்புத் தொகை, விபத்துக் காப்பீடு, விடுப்புக் கணக்கு, எங்கள் அலுவலகச் செலவு, கடைசியில்தான் எங்கள் லாபம். இதைப் பிரித்துக் காட்டச் சொன்னால் காட்ட மறுக்கிற ஏஜென்சியிடம் போகாதீர்கள். வேலை தேடி வருகிறவரிடம் “பதிவுக் கட்டணம்” வாங்கும் ஏஜென்சியை அடியோடு ஒதுக்குங்கள். சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 181-ஆவது உடன்படிக்கை, 1997-இல் வந்தது, தொழிலாளியிடம் நேராகவோ மறைமுகமாகவோ கட்டணம் வாங்கக் கூடாது என்பதைப் பொது விதியாகவே வைத்திருக்கிறது.

பதினோருமாதம் சொன்ன விபத்து விஷயத்துக்கு வருகிறேன். யார் பொறுப்பு என்பதை ஒப்பந்தத்தில் எழுதாமல் ஆள் அனுப்பியிருந்தால் அது ஏஜென்சியின் அயோக்கியத்தனம். எழுதாமல் ஆளை வாங்கிக்கொண்டிருந்தால் அந்த நிறுவனத்துடையதும்தான்.

பதினோருமாதம்:
ஆள்தேடி அவர்களே, நேர்மையாகப் பேசினீர்கள், நன்றி. ஆனால் “இடைவெளியை நிரப்புவது” என்ற சொல்லில்தான் பூனை ஒளிந்திருக்கிறது. இடைவெளி எப்போது மூடும் என்று யார் பார்க்கிறார்கள்?

மைக்ரோசாப்ட் கதை எல்லோருக்கும் தெரிந்திருக்கும், தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாக. 1980-களில் ஏராளமானவர்களைச் “சுதந்திரப் பணியாளர்” என்று எடுத்து, நிரந்தர ஆட்களோடு ஒரே குழுவில் ஒரே வேலை வாங்கினார்கள். அவர்கள் உண்மையில் ஊழியர்கள்தான் என்று அமெரிக்க வரித் துறை சொன்னது. உடனே பலரை ஏஜென்சி கணக்குக்கு மாற்றினார்கள். 1992-இல் வழக்கு. 2000-இல் 9.7 கோடி டாலர் கொடுத்துச் சமரசம். அங்கேயும் பட்டையின் நிறம் வேறுதான்: நிரந்தரத்துக்கு நீலம், எங்களைப் போன்றவர்களுக்கு ஆரஞ்சு. படித்தபோது சிரிப்பு வந்தது. அவ்வளவு பெரிய நிறுவனத்துக்கும் வேறு யோசனை வரவில்லை.

என் அளவுகோல் ஒன்றுதான். வேலைக்கு முடிவுத் தேதி இருந்தால் தற்காலிகமாக எடுங்கள். வேலை என்றென்றும் இருக்கிறது, ஆளுக்கு மட்டும் முடிவுத் தேதி என்றால் அது பித்தலாட்டம். கணக்குப்பிள்ளை சொன்னது போல அட்டைப்பெட்டி அவர்களின் ஆறு வாரம் உண்மையான ஆறு வாரம்தான். அதில் எனக்குச் சண்டை இல்லை.

ஆனால் சம்பளத்தில் இருக்கிறது. நிலையில்லாத வேலை செய்கிறவனுக்கு மணிக்கு அதிகமாகக் கொடுக்க வேண்டும், குறைவாக அல்ல.

கணக்குப்பிள்ளை:
அதிகமாகவா? நேற்று வந்தவனுக்கு, பத்து வருடம் இருப்பவனைவிட அதிகமாகவா? கிடங்கில் கலவரம் வந்துவிடும். கற்றுக்கொடுப்பவர்கள் குறைவாக வாங்க, கற்றுக்கொள்பவர்கள் கூடுதலாக வாங்குவது எந்த ஊர் நியாயம்?

பதினோருமாதம்:
ஊர் பெயரே சொல்கிறேன். பிரான்ஸில் ஏஜென்சி வழியாக வந்தவருக்கு வேலை முடியும்போது மொத்தச் சம்பளத்தில் 10 சதவீதம் தனியாகக் கொடுப்பது பொது விதி, நிலையின்மைக்கு ஈடாக. ஆஸ்திரேலியாவில் நிலையில்லா ஊழியருக்கு மணிச் சம்பளத்தின் மேல் வழக்கமாக 25 சதவீதம் கூடுதல். அவர்களுக்குச் சம்பளத்துடன் கூடிய ஆண்டு விடுப்பும் நோய் விடுப்பும் இல்லை என்பதற்காக. உங்கள் நிரந்தர ஆளுக்கு விடுப்பு இருக்கிறது, அடுத்த மாதம் வேலை இருக்கும் என்ற தூக்கம் இருக்கிறது. அதையும் பணமாக்கிக் கூட்டிப் பாருங்கள், கணக்குப்பிள்ளை என்று பெயர் வைத்திருக்கிறீர்களே.

கணக்குப்பிள்ளை:
பெயரை இழுக்காமல் பேசலாம். பிரான்ஸ் கணக்கு எனக்கும் தெரியும், அது சட்டம் போட்டுச் செய்தது. எல்லா முதலாளிகளும் கொடுக்கிறார்கள், அதனால் யாரும் பின்தங்குவதில்லை. சட்டம் கேட்காத இடத்தில் ஒருவர் மட்டும் தானாக 25 சதவீதம் கூட்டிக் கொடுத்தால், அவர் சொல்லும் விலை பக்கத்துக் கிடங்கின் விலையைவிட ஏறும், ஆர்டர் அங்கே போகும். அப்புறம் 14 பேருக்கும் வேலை இல்லை. இதையும் கூட்டிப் பாருங்கள்.

வேலை முடிவில் தொகை என்பதை மட்டும் ஏற்கிறேன். தர்மத்துக்காக அல்ல. தற்காலிக ஆட்களில் சிலர் ஐந்தாவது வாரம், வேறு இடம் கிடைத்ததும், சொல்லாமல் நின்றுவிடுவார்கள். கடைசி நாள்வரை இருந்தால் ஒரு தொகை என்றால் நிற்பார்கள்.

மேஸ்திரி:
கணக்குப்பிள்ளை எந்த வாசல் வழியாக வந்தாலும் சரி, வந்து சேர்ந்தாரே.

இன்னொன்று, சம்பளத்தைவிட முன்னால் கலவரம் வருவது சாப்பாட்டு அறையில்தான். தற்காலிக ஆட்கள் வெளியே படியில் உட்கார்ந்து சாப்பிடும் இடத்தில் நான் வேலை பார்த்திருக்கிறேன். நாலாவது நாளே அவர்கள் யாரும் என் கண்ணைப் பார்த்துப் பேசவில்லை. தவறு நடந்தால் மறைத்தார்கள். மறைக்காமல் இருக்க அவர்களுக்கு என்ன காரணம் கொடுத்தோம்?

ஆள்தேடி:
ஐரோப்பிய ஒன்றியத்தின் 2008-ஆம் ஆண்டு ஆணையில் இது எழுத்திலேயே இருக்கிறது. சாப்பாட்டு அறை, குழந்தைக் காப்பகம், போக்குவரத்து ஆகியவற்றை ஏஜென்சி ஆட்களுக்கும் மற்றவர்களைப் போலவே திறந்துவிட வேண்டும். பிரிட்டனில் சம்பளச் சமத்துவத்துக்கு 12 வாரம் காத்திருக்க வேண்டும், சாப்பாட்டு அறைக்கு முதல் நாளே உரிமை.

இதையும் சொல்லிவிடுகிறேன், என் தொழிலுக்கு எதிராகவே: எட்டுப் பேர், ஆறு வாரம், ஒவ்வொரு வருடமும் அதே மாதத்தில் என்றால் உங்களுக்கு நாங்கள் அவ்வளவு தேவையில்லை. நாளைக் காலை 20 பேர் வேண்டும் என்கிறவருக்குத்தான் நாங்கள். தேதி முன்கூட்டியே தெரிந்தவர் நேரடியாகவே எடுக்கலாம். அடுத்த வருடமும் அதே ஆட்களைக் கூப்பிடலாம். ஏஜென்சி வழியாக வந்தவர்களை நேரடியாகக் கூப்பிட்டால் பல ஒப்பந்தங்களில் எங்களுக்குக் கட்டணம் கட்ட வேண்டியிருக்கும், கையெழுத்துப் போடுமுன் அந்த வரியைத் தேடிப் படியுங்கள்.

கணக்குப்பிள்ளை:
ஏஜென்சிக்காரரே என் கட்சியை விட்டுப் போய்விட்டார். நான் இன்னும் மாறவில்லை. நேரடியாக எடுத்தால் விபத்து, சம்பள நிலுவை, தகராறு எல்லாம் நேராக அவர் கழுத்தில்.

பதினோருமாதம்:
எங்கே இருக்க வேண்டுமோ அங்கே.

அட்டைப்பெட்டி:
எல்லோருக்கும் நன்றி. இரண்டு நாளாகப் படித்து யோசித்து ஒரு முடிவுக்கு வந்திருக்கிறேன். நேரடியாக எடுக்கிறேன். எட்டு அல்ல, ஏழு. நெருக்கடிக்கு எட்டு நாள் முன்னால் உள்ளே வருகிறார்கள். தொடங்கும் தேதி, முடியும் தேதி, மணிச் சம்பளம், அடிபட்டால் சிகிச்சை என் பொறுப்பு என்பது நான்கும் தாளில் எழுதிக் கையெழுத்திட்டு ஆளுக்கு ஒரு பிரதி. மணிச் சம்பளம் நிரந்தர ஆட்கள் சேரும்போது வாங்கும் அதே தொகை. கடைசி நாள்வரை இருப்பவருக்கு 10 சதவீதம் தனி. பதினோருமாதம் கேட்ட 25 என்னால் முடியாது. உள்ளதைச் சொல்கிறேன்.

எட்டாவது ஆள் யார் என்றால், போன வருடம் ஐந்தாவது வாரம் விட்டுப்போனாரே, அவர். நேற்றுக் கூப்பிட்டுப் பேசினேன். திரும்பி வர மாட்டேன் என்றார். பெட்டி கட்ட வேண்டாம், புதியவர்களுக்குச் சொல்லிக்கொடுக்க மட்டும் வாருங்கள், மாலை ஆறு மணிக்கு மேல் ஒரு நிமிடம்கூட நிற்க வேண்டாம் என்றேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, “ஆறு மணி என்பதையும் தாளில் எழுதுவீர்களா?” என்று கேட்டார். எழுதியிருக்கிறேன்.

கழுத்துப் பட்டை எங்கள் கிடங்கில் கிடையாது. இனியும் வாங்கப் போவதில்லை.

கணக்குப்பிள்ளை:
நல்லது. ஆறு வாரம் முடிந்ததும் மொத்தச் செலவையும் திரும்பி வந்த பெட்டிகளின் எண்ணிக்கையையும் இங்கே எழுதுங்கள். போன வருட எண்ணிக்கையோடு சேர்த்து. அப்போது பேசிக்கொள்வோம்.

மேஸ்திரி:
டேப் ஒட்டும் கைப்பிடி எத்தனை வைத்திருக்கிறீர்கள்?

அட்டைப்பெட்டி:
12 இருக்கிறது. அதில் இரண்டு டேப்பைக் கடித்து அறுக்காது.

மேஸ்திரி:
21 பேருக்குப் பத்தா? இன்றே வாங்குங்கள்.