வரிக்குதிரை, கூஸ் (பெரிய வாத்து இனம்) பக்கத்துல வந்தா கார் கண்ணாடியை இறக்கலாமா?

கேள்வி: ஜூன்ல இங்கிலாந்து லாங்லீட் சஃபாரி பார்க்குக்குப் பிள்ளைகளோட போறோம். சிங்கம் பக்கம் கண்ணாடி ஏத்தியே இருக்கணும்னு தெரியும். வரிக்குதிரை, கூஸ் எல்லாம் சாதுதானே? ரொட்டி போடலாமா?

பதில் 1: வரிக்குதிரை சாது இல்லைங்க. மான், மாட்டுக்கு மேல் தாடையில முன்பல்லே கிடையாது. இதுக்கு மேலே ஆறு, கீழே ஆறு வெட்டுப்பல். விரலைக் கவ்வினா லேசுல விடாது. காது முன்னால நிமிர்ந்திருந்தா சும்மா வேடிக்கை பார்க்குது. பின்னால கழுத்தோட படிஞ்சா கோபம். பின்பக்கமா நெருங்கி நிறுத்தாதீங்க, உதைச்சா கதவு நசுங்கும்.

ரொட்டி வேண்டவே வேண்டாம். குதிரை இனத்தால வாந்தி எடுக்க முடியாது. மாவுச்சத்து பெருங்குடல்ல புளிச்சு வாயு கட்டி வயிறு முறுக்கும், குளம்புக்குள்ளேயும் அழற்சி வரும்.

பதில் 2: கூஸைப் பத்தி. கறுப்புக் கழுத்து, தாடையில வெள்ளைப் பட்டை இருந்தா அது கனடா கூஸ். பெரும்பாலும் பார்க் வளர்க்கிறது இல்லை, தானா வந்து தங்கினது. ஜூன்ல குஞ்சும் இருக்கும், பெரிய பறவைக்கு இறகும் உதிரும். மூணு நாலு வாரம் பறக்கவே முடியாது. ஹாரன் அடிச்சா பறந்துடும்னு நினைக்காதீங்க, கழுத்தைத் தாழ்த்திச் சீறும்.

ரோட்டைக் கடக்கும்போது பெரும்பாலும் தாய் முன்னால, குஞ்சுகள் வரிசையா, தகப்பன் கடைசியில. அந்தக் கடைசிப் பெரிய பறவை தாண்டுற வரைக்கும் பிரேக்கை விடாதீங்க. நின்ன காருக்கு அடியில நிழலுக்குக் குஞ்சு ஒதுங்கும். எண்ணிக்கை குறைஞ்சா நகராதீங்க, இறங்கவும் வேண்டாம். வார்டன் (பார்க் காவலர்) வண்டியைக் கூப்பிடுங்க.

பதில் 3: பிள்ளைகளுக்கு ஒரு வேலை கொடுங்க: வயித்தைப் பார்க்கச் சொல்லுங்க. வரி வயித்துக்கு அடியில போய்ச் சேர்ந்தா சமவெளி வரிக்குதிரை. வயிறு வெள்ளையா, வரி மெலிசா, காது வட்டமா இருந்தா கிரெவி வரிக்குதிரை. வரி எதுக்குன்னு கேட்டா, கடிக்கிற ஈயைத் தவிர்க்கத்தான்னு பல ஆய்வாளர்கள் நினைக்கிறாங்க. 2019-ல வெளியான ஆய்வு ஒண்ணுல, இங்கிலாந்துக் குதிரைகளுக்கு வரி போட்ட போர்வை போர்த்திப் பார்த்தாங்க. ஈ கிட்ட வந்துச்சு, ஆனா வரி மேல உட்கார்ந்தது ரொம்பக் குறைச்சல்.

கேட்டவர்: நன்றிங்க. கண்ணாடி மூடி, ஏ.சி. போட்டு ஊர்ந்து போனா என்ஜின் சூடாகாதா?

பதில் 1: பழைய வண்டின்னா ஆகும். என்ஜின் சூட்டைக் காட்டுற முள் ஏற ஆரம்பிச்சதும் ஏ.சி.யை நிறுத்தி, ஹீட்டரை முழுசா வைங்க. உள்ளே வேகும், ஆனா என்ஜின் சூடு இறங்கும். அதுக்கும் அடங்கலைன்னா என்ஜினை அணைச்சு, ஹசார்ட் விளக்கைப் போட்டுட்டு உள்ளேயே இருங்க. பானட்டைத் திறக்க இறங்கிடாதீங்க.