அப்பா டயலிசிஸ் வேண்டாம் என்கிறார். அப்புறம் வைத்தியமே இல்லையா?

வெள்ளவத்தை மகள்:
அப்பாவுக்கு 81 வயது. சீனி வருத்தமும் இதய வருத்தமும் உண்டு. இப்போது சிறுநீரக நோய் ஐந்தாம் கட்டம், அதாவது கடைசிக் கட்டம். டயலிசிஸ் வேண்டாம் என்று தெளிவாகச் சொல்லிவிட்டார், கிளினிக் டொக்டரும் சம்மதித்தார். ஆனால் இரவில் உடம்பெல்லாம் கடி, ஒரே அரிப்பு. முதுகைக் கதவு நிலையில் தேய்த்துக்கொண்டு நிற்கிறார், நித்திரையே இல்லை. “மனுசனைச் சும்மா சாக விடப்போறியோ?” என்று சித்தப்பா கேட்கிறார். நோயின் உபாதைகளைத் தணிக்கும் பலியேட்டிவ் பராமரிப்பு புற்றுநோய்க்காரருக்கு மட்டும்தானா?

ஓய்வுபெற்ற தாதி:
இல்லை மகள். சிறுநீரக நோயாளருக்கும் உண்டு, கடைசிக் கிழமைவரை காத்திருக்கவும் தேவையில்லை. டயலிசிஸ் இல்லாவிட்டாலும் வீக்கத்துக்கு நீர்க் குளிசை, இரத்தச்சோகைக்கு ஊசி எல்லாம் தொடரும். இந்த வயதில் இதயமும் பலவீனமென்றால் டயலிசிஸால் கூடும் ஆயுள் பல நேரம் சொற்பம்தான். அதற்காகக் கிழமைக்கு மூன்று நாள், நாலு நாலு மணித்தியாலம் மெஷினோடு கிடக்க வேண்டும். அப்பா யோசித்துத்தான் சொல்லியிருப்பார்.

கடிக்கு, சவர்க்காரத்தைக் குறைத்து, குளித்த ஈரம் காயுமுன் மணமில்லாத கிரீம் பூசுங்கள். கபாபென்டின் மிகச் சிறிய அளவில் கொடுத்தால் பலருக்குக் கடி அடங்கும். அது சிறுநீரில்தான் வெளியேறும் மருந்து, அளவு கூடினால் தூங்கி விழுவார். டொக்டர்தான் எழுத வேண்டும்.

நோவுக்கு டைக்ளோஃபெனாக், ஐபுபுரூஃபன் பார்மசியில் வாங்கிக் கொடுக்கவே வேண்டாம். மோர்பின் தேவைப்படும் கட்டத்திலும் கவனம்: அதன் கழிவு உடம்பில் தேங்கினால் கைகால் வெட்டி இழுக்கும், ஆள் குழம்புவார். ஃபென்டனில் போன்றவை இவர்களுக்குப் பாதுகாப்பு கூட.

கொட்டாஞ்சேனை மருமகன்:
மாமிக்கும் இதே நிலைதான் இருந்தது. நடுச்சாமத்தில் மூச்சுத் திணறினால் யாரைக் கூப்பிடுவது, என்ன கொடுப்பது என்று முன்கூட்டியே கேட்டுக் கிளினிக் கொப்பியில் எழுதி வாங்குங்கள். எங்களுக்கு அதுதான் பெரிய ஆறுதல். சித்தப்பாவையும் கூட்டிப் போங்கள், டொக்டர் வாயால் கேட்கட்டும். இன்னொன்று, காமரங்காய் (நட்சத்திரப் பழம்) வீட்டுப் பக்கமே வேண்டாம். சிறுநீரகம் பழுதானவர்களுக்கு விடாத விக்கல், குழப்பம், வலிப்புவரை கொண்டுபோகும்.

வெள்ளவத்தை மகள்:
நன்றி. திங்கட்கிழமை சித்தப்பாவும் வருகிறார். கால் எரிவுக்கு அப்பா ஏற்கெனவே பிரிகபலின் குடிக்கிறார். கபாபென்டினும் சேரலாமா?

ஓய்வுபெற்ற தாதி:
சேர்க்கக்கூடாது, இரண்டும் ஒரே வகை. பிரிகபலினும் சிறுநீரில்தான் போகும், இப்போதைய அளவே அவருக்குக் கூடவாக இருக்கலாம். நீங்களாகத் திடீரென்று நிறுத்திவிடவும் வேண்டாம். குளிசை அட்டைகள் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போய்க் காட்டுங்கள்.